போர்டில் ஒட்டிய பொட்டு

எனக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. ஆனாலும் எந்த நாட்டில் எலெக்ட்ரிக் கார் எப்படி விற்கிறது, எவன் பேட்டரியில் எதைப் போடுகிறான் என்று யாராவது கேட்டுவிட்டால், போதும் தாயே என்று கையெடுத்துக் கும்பிடுகிறவரைக்கும் பேசுவேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட வியாதி இது. கம்பெனி பஸ்ஸில் எனக்கு 'பேட்டரி மந்திரி' என்று பெயர். கேலிதான் என்று தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

வயர் கட்டுவது என்றால் பலருக்குப் புரியாது. காருக்குள் விளக்கு, ஹாரன், கண்ணாடி, ஏசி என்று எல்லாவற்றுக்கும் வயர் ஓடுகிறது. அத்தனையையும் முன்கூட்டியே ஒரே கொடியாகக் கட்டித்தான் கார் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். ஆளைவிட நீளமான மரப்பலகையில் படம் ஒட்டி, படத்தின்மேல் ஆணிகள் அடித்திருப்பார்கள். அந்த ஆணிகளுக்கு நடுவே வயரை ஓட்டி, டேப் சுற்றி, முனையில் கனெக்டர் மாட்டுவது எங்கள் வேலை. பலகையை போர்டு என்போம். ஒரு போர்டுக்கு மூன்று பெண்கள். இந்த வேலைக்கு மெஷின் வரவில்லை. வயர் சொன்ன இடத்தில் நிற்காது. வளையும், நழுவும், அடம் பிடிக்கும். அடம் பிடிப்பதைச் சமாளிக்கப் பிள்ளை வளர்த்த கைதான் சரி என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

எங்கள் வீடு ஆரம்பாக்கத்தில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். எனக்கு நிழலில் நின்று செய்கிற வேலை கிடைத்ததே அவர்களுக்குப் பெரிய விஷயம். அது கான்ட்ராக்ட் வேலை என்பதும், வருஷங்கள் போய்க்கொண்டே இருந்தும் நான் பர்மனெண்ட் ஆகவில்லை என்பதும் எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது.

எங்கள் லைனுக்கு லீடர் ஒரு அக்கா. எளாவூர்க்காரி. அவளும் கான்ட்ராக்ட்தான். உடன் பிறந்தவள் இல்லை. ஆனால் பிரசவம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய புதிதில், பால் கட்டிக்கொண்டு வலியில் துடித்தபோது, ஸ்டோர் ரூமுக்குள் என்னை அனுப்பிவிட்டுத் துப்பட்டாவை மறைப்பாகப் பிடித்தபடி வாசலில் நின்றவள் அவள்தான். சூப்பர்வைசர் சத்தம் போட்டதற்கு, "பொம்பள சமாச்சாரம் சார், நீங்க அப்பால போங்க" என்று அவரையே விரட்டினாள். அன்றிலிருந்து அவள் சொன்னால் எனக்கு மறுபேச்சு கிடையாது.

வேலை நேரத்தில் மோதிரம், வளையல் எதுவும் கூடாது. தாலிச் சரட்டையும் உள்ளே தள்ளிக் கம்பெனிக் கோட்டைக் கழுத்துவரைக்கும் மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரு தடவை யாருடைய ஸ்டிக்கர் பொட்டோ ஒரு கனெக்டருக்குள் விழுந்து, அது காருக்குள் போய்ப் பெரிய புகாராகித் திரும்பி வந்தது. அதோடு பொட்டுக்கும் தடை. ஷிப்டு ஆரம்பிக்கும்போது நாங்கள் நெற்றியிலிருந்து எடுத்து, போர்டின் இடது மூலைச் சட்டத்தில் ஒட்டிவைப்போம். மூன்று பெண்களுக்கு மூன்று பொட்டு, வரிசையாக. மணி அடித்ததும் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவோம். அக்கா கிறிஸ்தவள், பொட்டு வைக்க மாட்டாள். ஆனாலும் யாராவது தொலைத்துவிட்டால் கொடுப்பதற்கென்று ஒரு பொட்டு அட்டையைப் பையில் வைத்திருப்பாள். "வெறும் நெத்தியோட போனா உங்க மாமியாருங்க என்னத்தான் திட்டுவாங்க" என்பாள்.

எலெக்ட்ரிக் கார் பேச்சு பஸ்ஸுக்குள் வந்தபோது எல்லாரும் பயந்தார்கள். இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீட்டுக்கு எஞ்சின்தான் சோறு போடுகிறது. பிஸ்டன், கியர், சைலன்சர் என்று ஆளுக்கொன்று செய்து பிழைக்கிறார்கள். எலெக்ட்ரிக் காரில் இதெல்லாம் கிடையாது. என் வீட்டுக்காரர் எஞ்சினுக்கு இரும்பு வார்க்கும் பட்டறையில் இருந்தார். "உங்க பொழப்பு இன்னும் கொஞ்ச நாள்தான்" என்று அவருக்குச் சோறு போடும்போதே சொல்லியிருக்கிறேன். "சரி, நீ சம்பாரிச்சிப் போடு, நான் ஊட்ல குந்திக்கினு துன்றேன்" என்று அவரும் சிரித்துக்கொண்டே குழம்பை ஊற்றிக்கொள்வார்.

எனக்குப் பயமே இல்லை. எஞ்சின் போகலாம், பெட்ரோல் டேங்க் போகலாம், கரண்டில் ஓடுகிற காருக்கு வயர் இல்லாமல் போகுமா? வெயிலுக்கும் மழைக்கும் குடைக்காரனுக்கு வியாபாரம் நடப்பது மாதிரி, உலகம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எங்களுக்கு வேலை உண்டு என்று பஸ்ஸில் எழுந்து நின்று பேசினேன். கம்பெனிக் கூட்டத்தில் மேலதிகாரி ஒருவரும் இதையே சொன்னபோது, என் பேச்சைக் காப்பியடித்துவிட்டார் என்று தோழிகள் என்னை இடித்தார்கள்.

அதற்குப் பிறகு போனில் எலெக்ட்ரிக் கார் வீடியோவாகத் தேடித் தேடிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அபிப்பிராயங்கள் முளைத்தன. சீனாக்காரன் இந்தச் சந்தையில் முந்திக்கொண்டது காரின் அழகினால் அல்ல. அவன் முதலில் பேட்டரியைப் பிடித்தான். மண்ணிலிருந்து எடுக்கிற சரக்கு, அதைச் சுத்தம் பண்ணுகிற ஆலை, செல் செய்கிற ஆலை என்று எல்லாவற்றையும் கைக்குள் வைத்துக்கொண்டு, கடைசியில்தான் அதைச் சுற்றி ஒரு காரைக் கட்டினான். மற்ற நாட்டுக்காரர்கள் காரைக் கட்டிவிட்டுப் பேட்டரிக்கு அலைந்தார்கள். பெண் பார்க்கும் முன்னே மண்டபம் பிடித்த கதை அது. பேட்டரியில் நிக்கல் போட்டால் தூரம் கூடும், விலையும் கூடும். இரும்பும் பாஸ்பேட்டும் போட்டால் கனம்தான், தூரமும் கொஞ்சம் குறையும், ஆனால் சூடு தாங்கும், நீடித்து உழைக்கும். நம் ஊர் வெயிலுக்கு இரும்புதான் என்பது என் கட்சி. திரவமே இல்லாத கெட்டிப் பேட்டரி வரப்போகிறது, வரப்போகிறது என்கிறார்களே, அது புலி வருது கதை. ஒரு சார்ஜுக்கு இத்தனை தூரம் என்று கம்பெனி சொல்வது, மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் சம்பளம். கழித்துக்கொண்டுதான் நம்ப வேண்டும். சொந்த வீடும் வாசலில் பிளக்கும் இருப்பவனுக்கு இந்தக் கார் வரம். மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருப்பவனுக்குப் பேஜாரு. புகையே இல்லை என்பதும் பாதி உண்மைதான். கரி எரித்து எடுத்த கரண்டில் ஓடினால் புகை காரின் பின்னால் வராது, கரி எரிக்கிற ஊரில் இருப்பவன் மூக்குக்குப் போகும். இவ்வளவும் தெரிந்தும் நான் எலெக்ட்ரிக் கட்சியில்தான் இருந்தேன்.

எங்கள் கம்பெனிக்கு ஒரு வெளிநாட்டுக் கார்க்காரனிடமிருந்து எலெக்ட்ரிக் ஆர்டர் வரப்போவதாகச் சொன்னார்கள். முதலில் மாதிரி செய்து காட்ட வேண்டும். அதற்கு எங்கள் லைனைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே சமயத்தில் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், தடாவில் ஒரு கம்பெனியில் என்னைப் பர்மனெண்டாக எடுத்துக்கொள்வதாகக் கூப்பிட்டார்கள். அக்காவிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போவாதடி. எதுத்தாப்ல புது ஷெட்டு கட்றாங்க பார்த்தியா? எலெக்ட்ரிக் மொத்தமும் அங்கதான். மொதல் பேரு உன் பேருதான் குடுத்துக்கிறேன். அங்க போனா நீ பர்மனெண்டு. இப்ப நீ போயிட்டா இந்த மாதிரிய யார வெச்சி முடிப்பேன்?"

தடாக்காரர்களுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர், "நல்லா யோசிச்சியா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அக்கா சொன்னதைச் சொன்னேன்.

மாதிரி செய்கிற மாதங்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆரஞ்சு நிற வயரை அப்போதுதான் முதலில் தொட்டேன். கட்டைவிரல் தடிமன் இருக்கும். அதில் ஓடும் கரண்ட் ஆளையே சாய்த்துவிடும் என்பதால் பார்த்ததும் தெரிகிற மாதிரி அந்த நிறம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மற்ற வயர்கள் ஒவ்வொரு மாதிரிக்கும் குட்டையாகிக்கொண்டே வந்தன. காரின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி வைத்துவிட்டால், வயர் காரின் முன்னாலிருந்து பின்னால்வரை ஓட வேண்டியதில்லையாம். அந்தந்த மூலைக்கு ஒரு துண்டு போதும். ஆள் நீளம் இருந்த போர்டு சாப்பாட்டு மேஜை அளவுக்கு வந்தது. எட்டி எட்டி டேப் சுற்றித் தோள்பட்டை போன எங்களுக்கு அது எவ்வளவு நிம்மதி! ஆண்டவன் கண்ணைத் திறந்துவிட்டான் என்று சாமிக்குக் கற்பூரம் ஏற்றினாள் ஒருத்தி.

பிறகு வெளிநாட்டுக்காரர் ஒருவர் நாலைந்து இன்ஜினியர்களோடு வந்தார். கேமராவை எங்கள் தலைக்கு மேலே கட்டினார்கள். எந்த வயரை முதலில் எடுக்கிறோம், எந்த விரலால் பிடிக்கிறோம், எங்கே கை தடுமாறுகிறது என்று கேட்டுக் கேட்டுப் பதிவு செய்தார்கள். என் பக்கத்தில் நின்றவளுக்கு இது பிடிக்கவில்லை. "நம்ம கையப் படம் புடிச்சி இன்னா பண்ணப் போறானுங்க?" என்று முணுமுணுத்தாள். அக்கா வந்து, "எல்லாம் குவாலிட்டிக்குடி. பின்னால வர்ற பொண்ணுங்களுக்குக் காட்டிச் சொல்லித்தரதுக்கு" என்றாள். நானும் அக்காவோடு சேர்ந்து அவளைச் சமாதானப்படுத்தினேன். இத்தனை வருஷத்தில் வேலையைப் பற்றி எங்களிடம் ஒருவரும் கேட்டதில்லை. ஒரு வெளிநாட்டுக்காரர் குனிந்து நின்று என்னிடம் கேட்கிறார் என்பதே எனக்குக் கிறுகிறுப்பாக இருந்தது.

அந்த மனிதர் போர்டின் இடது மூலையில் இருந்த எங்கள் பொட்டுகளைப் பார்த்துவிட்டார். இது என்ன என்று கேட்டார். வேலை இடத்தில் பொட்டு என்று தெரிந்தால் மூன்று பேருக்கும் மெமோ நிச்சயம். அக்கா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "மார்க் சார், போர்டு மார்க்" என்றாள். அவர் பெரிய மரியாதையோடு தலையாட்டிவிட்டு, அளவுகோலை எடுத்து மூன்று பொட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தார். நாங்கள் சிரிப்பை அடக்க டேப்பைக் கடித்துக்கொண்டோம். அன்று சாப்பாட்டு நேரத்தில் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

புது ஷெட்டு கட்டி முடித்தார்கள். எங்களை உள்ளே விடவில்லை. மெஷின் பூட்டுகிறார்கள், அப்புறம் கூப்பிடுவார்கள் என்றாள் அக்கா. ஒரு நாள் காலையில் அங்கே கிளிப் தீர்ந்துவிட்டது என்று அவசரமாகக் கேட்டார்கள். அக்கா லீவு. சூப்பர்வைசர் பெட்டியை என் கையில் கொடுத்துக் கொண்டுபோய்ப் போடச் சொன்னார். பர்மனெண்ட் ஆகப்போகிற இடத்தைப் பார்க்கப் போகிறோம் என்று ஆசையோடு சாலையைக் கடந்தேன்.

உள்ளே குளுகுளுவென்று இருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் மெஷின் கைகள் வயர் துண்டுகளை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தன. வயர் குட்டையாகிவிட்டதால் அதற்கு அடம் பிடிக்கத் தெம்பில்லை, சொன்ன இடத்தில் கிடந்தது. வயரை வைக்கிற இரும்புத் தட்டின் இடது மூலையில் மூன்று சிவப்பு வட்டங்கள் பெயிண்ட் அடித்திருந்தன. அதே இடைவெளி. எங்கள் பொட்டு! நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நின்றிருந்த இன்ஜினியரிடம், "இது இன்னாத்துக்கு சார்?" என்று கேட்டேன். "ரெஃபரன்ஸ் மார்க்மா. பழைய போர்டுல இருந்துது, டிராயிங்ல வந்திருக்கு. எதுக்குன்னு தெரியல, மாத்தக் கூடாதுன்னு இருக்கு" என்றார்.

எல்லா மெஷினிலும் அந்த மூன்று வட்டம் இருந்தது. சிரித்துக்கொண்டே நாங்கள் நிற்கப்போகும் இடத்தைத் தேடினேன். பழைய லைனில் கால் வலிக்காமல் இருக்க ரப்பர் பாய் போட்டிருப்பார்கள். இங்கே ஒரு பாயும் இல்லை. சரி, இனிமேல் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கிளம்பும் முன் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. கடைசிவரைக்கும் நடந்து பார்த்தேன். ஆண்கள் படம் போட்ட கதவு மட்டும்தான் இருந்தது. இன்ஜினியரிடமே கேட்டேன். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டு, "இங்க லேடீஸ் டாய்லெட் பிளான்லயே இல்லமா. லேடீஸ் வேலை எதுவும் இல்லையே. லீடர் மேடம் மட்டும் வருவாங்க, அவங்க ஆபீஸ்ல இருக்கறத யூஸ் பண்ணிக்குவாங்க" என்றார்.

அந்தக் கட்டடத்துக்குப் பிளான் போட்ட அன்றைக்கே நாங்கள் அதில் இல்லை. திரும்பி வரும்போது நடுச்சாலையில் நின்றுவிட்டேன். ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் கேன்டீனில் அக்காவின் எதிரே போய் உட்கார்ந்தேன். அவள் நாஷ்டா தட்டை என் பக்கம் நகர்த்தினாள், எப்போதும்போல.

"அங்க பொம்பளைங்களுக்குக் கக்கூஸே இல்லக்கா" என்றேன்.

அவள் கை இட்லியிலேயே நின்றது. சுற்றும் முற்றும் பார்த்தாள். "மெல்லப் பேசு."

"உனக்கு எப்போ தெரியும்?"

"மாதிரி ஆரம்பிக்கும்போதே சொல்லிட்டாங்க."

"நான் தடா போறேன்னு வந்து நின்னனே, அப்பவே தெரியுமா?"

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். "நீ போயிருந்தா மத்ததுங்களும் போயிருக்கும். மாதிரி முடிஞ்சிருக்காது. முடிச்சிக் குடுத்தா எனக்கு அங்க பர்மனெண்டுன்னாங்கடி. எனக்கு ரெண்டு பொண்ணு. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு?"

எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பெண்ணைப் பெற்றுவிட்டு வந்தபோதுதான் அக்கா துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்பது நினைவுக்கு வந்தது. எழுந்து வந்துவிட்டேன். கம்பெனி செய்ததுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. கம்பெனி என்றைக்கு நமக்குச் சொந்தமாக இருந்தது? நம்ப வைத்துக் கழுத்தை அறுக்க நம் நம்பிக்கையைப் பெற்றவர்களால்தானே முடியும்.

புது ஷெட்டு ஓட ஆரம்பித்ததும் எங்கள் லைன் பெண்களின் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. தடாக்காரர்கள் அதற்குள் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டு, தின்பண்டம் பாக்கெட் போடும் கம்பெனியில் சேர்ந்தேன். அதுவும் கான்ட்ராக்ட். பஸ்ஸில் யாரும் என்னை மந்திரி என்று கூப்பிடவில்லை, நானும் காரைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் போனில் அந்தச் செய்திகள் வருவது நிற்கவில்லை. பெட்ரோல் காருக்குக் கெடு வைத்திருந்த நாடுகள் கெடுவைத் தளர்த்துவதைப் பற்றிப் பேசின. அமெரிக்காவில் ஆட்சி மாறியதும் எலெக்ட்ரிக் காருக்குக் கொடுத்த சலுகையை நிறுத்தினார்கள். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த பெரிய கார் கம்பெனிகள் எலெக்ட்ரிக் மாடல்களைத் தள்ளிப்போட்டுவிட்டு, பாதி பெட்ரோல் பாதி பேட்டரி என்று பழையபடி எஞ்சின் பக்கம் வந்தன. சீனாவில் மட்டும் அது பாட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தது. இதில் எதுவும் எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கேயோ ஒரு தேர்தல் நடந்தால் கும்மிடிப்பூண்டியில் ஷிப்டு மாறும் என்பதை அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன். கொடுமை என்னவென்றால், பிழைப்பு போய்விடும் என்று நான் கேலி செய்த என் வீட்டுக்காரருக்கு எஞ்சின் பட்டறையில் ஓவர்டைம் கொடுத்தார்கள். அவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து நேராக அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். நான் காபி போட்டுக் கொடுத்தேன். வீடு தேடி வந்தவளுக்கு அதைக்கூடக் கொடுக்காமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

"புது ஷெட்டப் பூட்டிட்டாங்கடி" என்றாள். "அந்த வெளிநாட்டுக்காரன் மாடலையே தள்ளி வெச்சிட்டானாம். மிஷினுக்கெல்லாம் பிளாஸ்டிக் சுத்தி வெச்சிக்கிறாங்க. என்னக் கூப்ட்டு, வேற எடம் பாத்துக்கோன்னுட்டாங்க."

"பர்மனெண்டுன்னியே."

"ஆர்டர் கைக்கு வந்தப்புறம் தரேன்னு சொல்லிக்கினே இருந்தாங்க. கடைசி வரிக்கும் வரல." அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "உங்க கம்பெனில ஆள் எடுக்கறாங்களான்னு கேக்கலாம்னு வந்தேன்."

அப்போதுதான் எனக்கு வெறி வந்தது. கேன்டீனில் எழுந்து வந்த அன்றைக்கு வந்த துக்கம் வேறு, இது வேறு. இத்தனை நாளும் நான் ஒன்றைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். எங்களைக் கொடுத்தாவது ஒருத்தி கரையேறிவிட்டாள், அவள் பெண்களாவது நன்றாகப் படிப்பார்கள் என்று. அதுவும் பொய்யாகிவிட்டது. எங்கள் கை, எங்கள் பொட்டு, என் தடா வேலை எல்லாம் போய், இவளுக்கும் ஒன்றும் இல்லை.

"என்னிய வித்துட்டியேக்கா" என்றேன். "நல்ல வெலைக்காவது வித்திருக்கக் கூடாதா?"

அவள் காபியைக் குடித்து முடித்து, டம்ளரைத் தானே எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு வந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டாள். நான் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் நின்றாள். அடுத்த நாள் காலையில் எங்கள் கம்பெனி கேட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை.